பைக் பிளாஸ்டிக் உடைந்தால்: எதைக் கரைக்கலாம், எதை உருக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

ஒரே பசை. சைடு பேனலில் உடைந்த லாக்கில் (பேனலைப் பிடித்து வைக்கும் கொக்கி) வைத்தால் வருடக்கணக்கில் நிற்கிறது. அதே வண்டியின் உள் மட்கார்டில் வைத்தால் ஒரு வாரத்தில் சுத்தமாக உரிந்து கையோடு வருகிறது. ‘போன முறை நன்றாக ஒட்டியதே’ என்று குழம்பி, அடுத்து இன்னும் விலை கூடிய பசையை வாங்குகிறோம். அதுவும் உரிகிறது. காரணம் எளிமையானது: அந்த இரண்டு பாகங்களும் வெவ்வேறு பிளாஸ்டிக்.

உடைந்த பாகத்தைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும். இது என்ன பிளாஸ்டிக்? ஏன் இந்த இடத்தில் உடைந்தது? சரிசெய்த பிறகு இது எவ்வளவு சுமையைத் தாங்க வேண்டும்? எதை வைத்து ஒட்டுவது என்பது நான்காவதாக வரவேண்டிய கேள்வி. பெரும்பாலும் நாம் நான்காவதிலிருந்துதான் தொடங்குகிறோம்.

## ‘ஃபைபர்’ என்று நாம் சொல்வது என்ன?

நம் ஒர்க்‌ஷாப்களில் டூம் (ஹெட்லைட்டைச் சுற்றிய மூடி), சைடு பேனல், மட்கார்டு எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘ஃபைபர்’ என்றே பெயர். உண்மையான ஃபைபர் என்பது கண்ணாடி இழைப் பாயில் ரெசின் என்ற இறுகும் பிசினை ஊற்றிக் கெட்டிப்படுத்தியது. ரேஸ் வண்டிகளின் ஃபேரிங்கிலும், வெளியில் செய்து விற்கும் சில ஆக்சஸரிகளிலும்தான் அதைப் பார்க்கலாம். கம்பெனியிலிருந்து வண்டியோடு வரும் பாகங்கள் ஏறக்குறைய எல்லாமே அச்சில் உருக்கி வார்த்த பிளாஸ்டிக். இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 1958-இல் வெளியான ஹோண்டா சூப்பர் கப்பின் முன் மட்கார்டும் கால்மறைப்பும் பாலிஎத்திலீன்தான்.

இந்த வேறுபாடு ரிப்பேரில் நேரடியாக விளையாடும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கைச் சூடாக்கினால் இளகும், ஆறினால் மறுபடி இறுகும். எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் செய்யலாம் (ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வலு குறையும், அது வேறு). ரெசின் ஃபைபர் ஒரு முறை இறுகிவிட்டால் இறுகியதுதான். சூடு வைத்தால் கருகுமே தவிர உருகாது. அதை மறுபடி பாய், ரெசின் வைத்துத்தான் கட்ட வேண்டும். சால்டரிங் அயனை எடுத்துக்கொண்டு அதன்மேல் போவது வீண் வேலை.

வண்டியில் அதிகம் தென்படும் பிளாஸ்டிக் வகைகள் இவை:

1. ஏபிஎஸ். பெயின்ட் அடித்துப் பளபளக்கும் பாகங்களில் பெரும்பாலானவை இது: சைடு பேனல், டூம், டெயில் பேனல், ஸ்கூட்டரின் முன்பக்க ஏப்ரன். விறைப்பானது, உடையும்போது விளிம்பு வெள்ளையாக நிற்கும். பிரேக்கில் வரும் ஏபிஎஸ்ஸுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

2. பாலிப்ரோப்பிலீன், சுருக்கமாக பிபி. பெயின்ட் இல்லாமல் கருப்பாக, லேசான சொரசொரப்போடு வரும் பாகங்கள்: உள் மட்கார்டு, சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி, பேட்டரி மூடி. தொட்டால் மெழுகு தடவியதுபோல் வழுக்கும். வளைத்தால் வளையும், சட்டென்று உடையாது.

3. நைலான், அதாவது பிஏ6. கண்ணாடி இழைத் துகள் கலந்து வலுவேற்றிய பிராக்கெட்டுகள், கிளிப்கள், ரேடியேட்டர் ஃபேன் போன்றவை.

4. பாலிகார்பனேட். நாம் ‘ஹெட்லைட் கண்ணாடி’ என்று சொல்வது இப்போது இதுதான். பின் விளக்கின் சிவப்பு மூடி பல வண்டிகளில் அக்ரிலிக்.

5. எச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன். சில ஏர் ஃபில்டர் பெட்டிகள், டர்ட் பைக்குகளின் பெட்ரோல் டேங்க்.

## எந்த வகை என்று கண்டுபிடிப்பது

ஊகம் வேண்டாம். பாகத்தைத் திருப்பி உட்பக்கம் பாருங்கள். ஐஎஸ்ஓ 11469 என்ற தர விதிப்படி, ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு கூர்முனைக் குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் சுருக்கப் பெயரை ஆங்கில எழுத்தில் பதித்திருப்பார்கள். பெரும்பாலான கம்பெனிப் பாகங்களில் இது இருக்கும். பிஏ6-ஜிஎஃப்30 என்று பார்த்தால், நைலான் 6-இல் 30 சதவீதம் கண்ணாடி இழை என்று பொருள். பிபி-க்குப் பின்னால் டிடி20 என்று வந்தால் 20 சதவீதம் டால்க் தூள் கலந்தது. சேறு ஒட்டியிருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் தேடுங்கள். பாதிப் பேர் குறி இல்லை என்று சொல்வது அழுக்கால்தான்.

குறியே இல்லாத பாகம், குறிப்பாக டூப்ளிகேட் பாகம் என்றால், இந்தச் சோதனைகள்:

1. காந்தம். சில ஸ்கூட்டர்களில் பக்கவாட்டு பாடி இரும்புத் தகடு. காந்தம் ஒட்டினால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை, டிங்கரிங் கடைக்குப் போகலாம்.

2. தண்ணீர். உட்பக்க விளிம்பிலிருந்து நகக்கண் அளவு சீவி, சோப்புத் துளி கலந்த தண்ணீரில் போட்டு அமுக்கி விடுங்கள். பிபியின் அடர்த்தி சுமார் 0.9, மிதக்கும். எச்டிபிஇ-யும் மிதக்கும். ஏபிஎஸ் 1.05 அளவு, நைலான் 1.14, பாலிகார்பனேட் 1.2, மூன்றும் மூழ்கும். டால்க் அதிகம் கலந்த பிபி மட்டும் ஏமாற்றலாம்.

3. அசிட்டோன். வெளியில் தெரியாத இடத்தில் பஞ்சில் ஒரு துளி தொட்டு வையுங்கள். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தால் ஏபிஎஸ். எதுவுமே நடக்காவிட்டால் பிபி அல்லது நைலான். ஒளிபுகும் பாகங்களில் இந்தச் சோதனையைச் செய்யவே வேண்டாம். பாலிகார்பனேட் நொடியில் மங்கி, நுண்விரிசல் விட்டுவிடும்.

4. நெருப்பு. சீவலை இடுக்கியில் பிடித்து, வெளியில் நின்று கொளுத்தினால் ஏபிஎஸ் கரும்புகை கக்கி, கரித்தூள் பறக்க எரியும். பிபி நீலஅடிச் சுடரோடு அமைதியாக எரிந்து சொட்டும். மெழுகுவத்தியை அணைத்த வாசனை வரும். புகையை முகர்ந்து பார்க்க மூக்கைக் கொண்டுபோக வேண்டியதில்லை, தானாகவே தெரியும்.

## பிபி-யில் ஏன் எதுவும் ஒட்டுவதில்லை?

பசை ஒட்ட இரண்டு விஷயங்கள் நடக்க வேண்டும். முதலில் அது பரப்பின் மேல் நன்றாகப் படர வேண்டும். அப்புறம் பரப்பில் உள்ள மூலக்கூறுகளோடு கைகோக்க வேண்டும். ஒரு பரப்பு எந்த அளவுக்கு திரவத்தைத் தன்மேல் படர விடுகிறது என்பதை மேற்பரப்பு ஆற்றல் என்கிறார்கள். மீட்டருக்கு மில்லிநியூட்டன் கணக்கில் பிபிக்கு அது சுமார் 30, ஏபிஎஸ்ஸுக்கு 40-ஐ ஒட்டி. பார்க்கச் சிறிய இடைவெளிதான். ஆனால் பிபி வெறும் கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலி. மின்னேற்றச் சாய்வு எதுவும் இல்லாததால் பசைக்குப் பிடித்துக்கொள்ளக் கொக்கி கிடைப்பதில்லை. ஏபிஎஸ்ஸில் அக்ரிலோநைட்ரைல் என்ற கூறு அந்தக் கொக்கியைக் கொடுக்கிறது.

மைதா பசையை பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி வைத்தால் காய்ந்த பசை தட்டியதும் விழுந்துவிடுவதன் காரணமும் இதுதான். மட்கார்டில் வைத்த எபாக்ஸி பசை அப்படியே அச்சுப் பிசகாமல் கழன்று வருவதும் இதனால்தான். உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கினால் கொஞ்சம் உதவும், முழுத் தீர்வாகாது. தொழிற்சாலைகளில் பிபி பாகங்களுக்கு பெயின்ட் அடிக்கும் முன் தீச்சுடரை வேகமாக மேலே ஓட்டி பரப்பை மாற்றிக்கொள்கிறார்கள், அல்லது தனி பிரைமர் போடுகிறார்கள்.

ஆகவே பிபி என்றால் உருக்குவதே முதல் வழி, ஏபிஎஸ் என்றால் கரைப்பதே முதல் வழி. பசை இரண்டிலும் அதற்குப் பிறகுதான்.

## ஏன் உடைந்தது?

கீழே விழுந்து உடைந்தது என்றால் கதை முடிந்தது. விழாமலேயே திருகு ஓட்டையைச் சுற்றி விரிசல் விட்ட பாகங்கள்தான் கவனிக்க வேண்டியவை. காரணத்தை அப்படியே விட்டுவிட்டு எவ்வளவு அழகாக ஒட்டினாலும், அடுத்த விரிசல் பக்கத்திலேயே கிளம்பும்.

ஒரு பேனலின் திருகு ஓட்டையை உற்றுப் பாருங்கள். திருகின் தண்டைவிட அது கொஞ்சம் பெரிதாக, சில இடங்களில் நீள்வட்டமாக இருக்கும். அதற்குள் ஒரு ரப்பர் வளையம், அதன் பெயர் கிராமெட். கிராமெட்டுக்குள் விரல்நுனி அளவில் குட்டைக் குழாய் போன்ற ஓர் இரும்புக் காலர். திருகை எவ்வளவு இறுக்கினாலும் அதன் தலை காலரின் மேல்தான் போய் உட்காரும். பேனல் ரப்பருக்குள் லேசாக மிதந்தபடி இருக்கும். சர்வீசுக்குப் போய் வந்த வண்டியில் இந்தக் காலர் காணாமல் போயிருப்பது சகஜம். தரையில் உருண்டு ஓடும், யாரும் தேட மாட்டார்கள், வாஷரை வைத்து இறுக்கி அனுப்பிவிடுவார்கள்.

அதன் விளைவைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஏபிஎஸ் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு சுமார் 0.08 மில்லிமீட்டர் நீளும். இரும்பு 0.012 மட்டுமே. அரை மீட்டர் நீளப் பேனல், விடியற்காலைக்கும் மொட்டை வெயிலுக்கும் நடுவே 40 டிகிரி வித்தியாசத்தைப் பார்த்தால், பேனல் 1.6 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். அதைத் தாங்கும் சேஸிஸ் 0.24 மட்டும் நீளும். மிச்சம் ஒன்றேகால் மில்லிமீட்டருக்கு மேல். காலரும் ரப்பரும் இருந்தால் அந்த நகர்வு ஓட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். இறுக்கிக் கட்டிய பேனலில் அது ஓட்டையின் விளிம்பை இழுக்கும். தினமும் ஒரு முறை இழுத்து, ஒரு முறை தளர்ந்து, கூடவே எஞ்சின் அதிர்வும் சேர்ந்தால் விரிசல் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கூடுதலாக இறுக்கினால் சத்தம் நிற்கும் என்று நினைத்துச் செய்வதுதான் உடைப்பையே கொண்டுவருகிறது.

மற்ற காரணங்கள்:

1. பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறும் திருகுகளை ஒவ்வொரு முறையும் புதுப் பள்ளத்தில் ஏற்றுவது. திருகை முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுழற்றினால் பழைய பள்ளத்தில் ‘டக்’ என்று விழும் இடம் கைக்குத் தெரியும். அங்கிருந்து முன்னோக்கித் திருப்ப வேண்டும். இதைச் செய்தாலே திருகுத் தூண்கள் பிளப்பது பாதியாகக் குறையும்.

2. ரசாயனங்கள். பிரேக் ஆயில், பெட்ரோல், தின்னர் எல்லாமே ஏபிஎஸ்ஸுக்கும் பாலிகார்பனேட்டுக்கும் எதிரிகள். நட்டு கழலாமல் இருக்க விடும் திரெட் லாக்கர் திரவமும் இந்தப் பட்டியலில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. உலோகத் திருகுக்கு நல்லது செய்யும் அதே துளி, பக்கத்திலுள்ள ஏபிஎஸ்ஸில் வழிந்தால் இழுவிசை உள்ள இடம் பார்த்து விரிசல் விடவைக்கும்.

3. வெயில். ஏபிஎஸ்ஸுக்கு நெகிழ்வு தரும் ரப்பர் கூறான பியூட்டடையீனைப் புற ஊதாக் கதிர் சிதைக்கிறது. பெயின்ட் இருக்கும்வரை கவசம். பெயின்ட் உரிந்த இடம் நொறுங்கத் தொடங்கும்.

4. பேனல் முளைகளைக் கோணலாகப் பிடுங்குவது. சைடு பேனலின் பின்னால் இருக்கும் முளைகள் சேஸிஸிலுள்ள ரப்பருக்குள் செருகியிருக்கும். ரப்பர் காய்ந்து இறுகியிருக்கும்போது ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் முளை அடியோடு போய்விடும். மாட்டும்போது சோப்புத் தண்ணீரைத் தொட்டு மாட்டினால் போதும்.

## மூன்று வழிகள்

### கரைத்து ஒட்டுவது

அசிட்டோன் ஏபிஎஸ்ஸின் மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையில் புகுந்து அவற்றைத் தளர்த்துகிறது. தளர்ந்த இரண்டு விளிம்புகளைச் சேர்த்து அழுத்தினால், இந்தப் பக்கச் சங்கிலி அந்தப் பக்கத்தில் போய்ப் பின்னிக்கொள்ளும். அசிட்டோன் ஆவியாகிப் போனதும் நடுவில் பசை என்று ஒன்றே இருக்காது, இரு பக்கமும் ஒரே பிளாஸ்டிக். மற்ற எந்த முறையைவிடவும் ஏபிஎஸ்ஸுக்கு இது பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

இடைவெளி நிரப்பக் கூழ் தேவை. ஏபிஎஸ் துண்டுகளைச் சின்னதாக நறுக்கி, இறுக மூடும் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோனோடு போட்டு ஓர் இரவு வைத்தால் தேன் பதத்தில் கூழ் கிடைக்கும். துண்டுக்கு, அதே வண்டியின் உடைந்த பழைய பேனல் கிடைத்தால் மிக நல்லது. சென்னையில் புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் உடைசலைக் கேட்டாலே கொடுப்பார்கள். குழந்தைகளின் லீகோ கட்டைகளும் ஏபிஎஸ்தான், மனசு வந்தால் பயன்படுத்தலாம். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெய்யும் வாசனையும் கலந்திருக்கும், சிலவற்றில் அசிட்டோனே இருக்காது. அதை நம்ப வேண்டாம்.

பொறுமை இல்லாதவர்களுக்கு இந்த முறை சரிப்படாது. கூழைத் தடிமனாக அப்பினால் மேல்தோல் காய்ந்து, உள்ளே அசிட்டோன் சிறைப்பட்டு, நாள்கணக்கில் மெத்தென்று இருக்கும், கடைசியில் குழிவிழும். மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்த பின் மற்றொன்று என்று போட வேண்டும். சுமை ஏற்றும் முன் குறைந்தது 24 மணி நேரம். அசிட்டோனின் ஆவி தண்ணீரின் உறைநிலைக்குக் கீழேகூடத் தீப்பிடிக்கக் கூடியது. அடுப்படியிலோ பூஜை அறைப் பக்கமோ இந்த வேலை வேண்டாம்.

### உருக்கி ஒட்டுவது

பிபி, எச்டிபிஇ, நைலான் மூன்றுக்கும் இதுவே வழி. ஒரே விதிதான்: நிரப்பும் கம்பியும் பாகமும் ஒரே இனமாக இருக்க வேண்டும். கேபிள் டையை உருக்கி எல்லா பிளாஸ்டிக்கையும் ஒட்டிக் காட்டும் வீடியோக்கள் நிறைய சுற்றுகின்றன. கேபிள் டை நைலான். நைலான் பாகத்தில் அது அருமையான நிரப்பி. பிபி மட்கார்டில் அது வெறும் ஒட்டுத் துணி, உள்ளே கலப்பதே இல்லை. பிபிக்கு நிரப்பி வேண்டுமென்றால் ஹோட்டல் பார்சல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் அது பிபி. கீற்றாக வெட்டிக்கொண்டால் கம்பி தயார். 2 என்றிருந்தால் எச்டிபிஇ.

விலை குறைந்த சால்டரிங் அயனில் சூட்டைக் கூட்டிக் குறைக்க வழியில்லை. பிபி சுமார் 165 டிகிரியிலேயே உருகும். அயனின் முனை அதைவிட இரு மடங்கு சூட்டில் நிற்கும். ஆகவே ஒரே இடத்தில் வைத்து அமுக்கினால் பிளாஸ்டிக் கருகிப் பழுப்பாகும், கருகிய இடத்தில் வலு இருக்காது. புகை வந்தால் சூடு அதிகம் என்று அர்த்தம். ஏபிஎஸ், நைலான் புகை உடம்புக்கும் ஆகாது. சூட்டைக் கட்டுப்படுத்தக்கூடிய அயன் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது.

இப்போது பரவலாகியிருக்கும் ஹாட் ஸ்டேப்ளர் இதன் தம்பி. அலை வடிவ ஸ்டீல் பின்னைச் சூடாக்கி, விரிசலுக்குக் குறுக்காக உட்பக்கம் புதைப்பது. என் கணிப்பில் பிபி பாகங்களுக்கும், உடைந்த திருகுக் காதுகளுக்கும் இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி இல்லை. ஒரு குறை: பேனல்கள் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், பின்னைக் கொஞ்சம் அதிகம் இறக்கினால் வெளிப்பக்கம் தழும்பு தெரியும். பாதித் தடிமனோடு நிறுத்த வேண்டும். பின் மட்டும் போதாது. அதைச் சுற்றியுள்ள விரிசலையும் உருக்கி மூட வேண்டும்.

### பசை

ஃபெவிக்விக் ரகப் பசைகளின் வேதிப் பெயர் சயனோஅக்ரிலேட். 1942-இல் கோடாக் ஆய்வகத்தில் துப்பாக்கிக் குறிபார்க்கும் கண்ணாடிக்காக முயன்றபோது தட்டுப்பட்டு, 1958-இல் விற்பனைக்கு வந்தது. இதன் குணம்: நேராக இழுத்தால் பிடிக்கும், ஓரத்திலிருந்து உரித்தால் விடும், அதிர்வில் நொறுங்கும். மேலே சமையல் சோடாவைத் தூவினால் நொடியில் கல்லாக இறுகும் என்பது உண்மை. ஆனால் அது கல்தான், வளையாது. பேனலின் உட்பக்கம் விலா எலும்புபோல் ஓடும், அசையாத தாங்கு வரிகளில் சரி. வளைந்து நிமிரும் லாக்கில் ஒரு மாதம் தாண்டினால் அதிர்ஷ்டம்.

இரண்டு டியூப் கலக்கும் எபாக்ஸியில், ஐந்து நிமிடத்தில் இறுகுவதைவிட மெதுவாக, ஒரு நாள் எடுத்து இறுகும் வகை பொதுவாக வலுவானது. பிபிக்கென்றே செய்த இரு-கூறு அக்ரிலிக் பசைகள் இருக்கின்றன. வேலை செய்யும், ஆனால் விலையைக் கேட்டால் புதுப் பாகமே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

## விரிசலை ஒட்டும் வரிசை

பெரும்பாலான ரிப்பேர்கள் விரிசலின் விளிம்பை மட்டும் ஒட்டுவதால்தான் தோற்கின்றன. 40 மில்லிமீட்டர் நீள விரிசல், இரண்டரை மில்லிமீட்டர் தடிமன்: ஒட்டும் பரப்பு வெறும் 100 சதுர மில்லிமீட்டர். அதே விரிசலுக்கு உட்பக்கம் இரு புறமும் 15 மில்லிமீட்டர் போகும்படி ஒரு பட்டை வைத்தால் பரப்பு 1,200 சதுர மில்லிமீட்டர், பன்னிரண்டு மடங்கு. கூடவே, உரிக்கும் விசை சறுக்கும் விசையாக மாறிவிடும். எந்த இணைப்பும் அதைத்தான் நன்றாகத் தாங்கும். ஏபிஎஸ் பேனல் ஒன்றில் இப்படிப் போகலாம்:

1. பாகத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பாலிஷ் பூசிய வண்டி என்றால் சிலிக்கான் படலம் இருக்கும். ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் போட்டு இரண்டு முறை துடையுங்கள்.

2. விரிசல் முடியும் நுனியைக் கண்டுபிடித்து 2 மில்லிமீட்டர் ஓட்டை போடுங்கள். விசை முழுதும் கூடுவது அந்தக் கூர்முனையில்தான். வட்ட ஓட்டை அதைப் பரப்பிவிடும். கண்ணுக்குத் தெரியும் நுனியைவிட விரிசல் கொஞ்சம் அதிகம் போயிருக்கும், அதனால் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

3. உட்பக்கம் விரிசலை ‘வி’ வடிவத்தில், தடிமனில் மூன்றில் இரண்டு பங்கு வரை சீவுங்கள்.

4. வெளிப்பக்கம் டேப் ஒட்டி விளிம்புகளை மட்டமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே அரை மில்லிமீட்டர் பிசகினால் பிறகு பட்டி வைத்து மறைக்க அரை நாள் போகும்.

5. பள்ளத்தில் முதலில் வெறும் அசிட்டோனைப் பிரஷ்ஷால் ஓட்டி, பிறகு கூழை நிரப்புங்கள். காய்ந்ததும் மேலே ஸ்டீல் வலை அல்லது கண்ணாடி இழைத் துணியை வைத்து, கூழில் புதையுங்கள்.

6. ஒரு நாள் காத்திருங்கள். மாட்டும்போது காலர், கிராமெட் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை வாங்கிய பிறகு மாட்டுங்கள்.

உடைந்த முளைக்கு வேறு வைத்தியம். முளையை மட்டும் திரும்ப ஒட்டினால் பிடுங்கும் விசையில் மறுபடி போகும். அதன் நடுவே துளையிட்டு, ஒரு சிறிய ஸ்டீல் திருகை முதுகெலும்பாகச் செலுத்தி, அடியைச் சுற்றிக் கூழ் கட்ட வேண்டும். 3டி பிரின்டில் லாக் செய்து வாங்குபவர்கள் ஏபிஎஸ்ஸில் செய்யச் சொல்லுங்கள். மலிவான பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கிலேயே தளரும். நம் ஊர் வெயிலில் நிற்கும் வண்டிக்கு அது ஒத்துவராது.

பெயின்ட் பற்றிச் சுருக்கமாக: வளையும் பாகத்துக்கு பிளாஸ்டிக் பட்டி, தகரத்துக்கான பட்டி வேண்டாம், அது வெடிக்கும். தேய்க்க 320, 600 எண் உப்புத்தாள், பிறகு வாட்டர் பேப்பரில் 800. பிபி என்றால் ஒட்டுதல் பிரைமர் இல்லாமல் பெயின்ட் நிற்காது. ஏபிஎஸ்ஸில் தின்னரை ஊற்றித் துடைக்க விடாதீர்கள்.

## கை வைக்கக் கூடாதவை

1. முன் மட்கார்டு, ஃபோர்க்கில் திருகு ஏறும் இடத்தில் பிளந்திருந்தால். ஓடும்போது கழன்றால் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் சுருண்டு சக்கரத்தைப் பூட்டிவிடலாம். நடுப்பகுதியில் விழுந்த விரிசல் பரவாயில்லை. திருகு இடத்தில் என்றால் புதிதுதான்.

2. பிரேக் ஆயில் டப்பா, பிளாஸ்டிக் பெட்ரோல் டேங்க். பசையும் கூழும் இங்கே கரைந்துபோகும். காலி டேங்கில் மிச்சமிருக்கும் ஆவி, சூடான அயனுக்குக் காத்திருக்கும் வெடி.

3. ஏர் ஃபில்டர் பெட்டியில், ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவிலுள்ள பகுதி. ஒட்டிய துகள் ஒன்று உரிந்தாலும் நேராக உள்ளேதான் போகும்.

4. ஹெல்மெட். அதன் ஓடு பல மாடல்களில் ஏபிஎஸ்தான். அதற்காக மேலே சொன்ன எதையும் அதில் செய்யக் கூடாது. ஹெல்மெட்டுக்கான ஐஎஸ் 4151 தரச் சான்று சேதமில்லாத ஓட்டுக்குத்தான். விரிசல் விட்டால் மாற்றுங்கள். தின்னரும் ஸ்ப்ரே பெயின்ட்டும்கூட அதன்மேல் பட வேண்டாம்.

## ரிப்பேரா, இன்சூரன்ஸா?

இந்திய மோட்டார் பாலிசிகளில் மாற்றப்படும் பாகத்தின் விலையில் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு 50 சதவீதம். வண்டி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது என்றாலும் இதே 50. கண்ணாடி இழைப் பாகத்துக்கு 30. முதலில் சொன்ன ‘ஃபைபர்’ குழப்பம் இங்கே பணமாக மாறுகிறது. ‘ஃபைபர்தானே, முப்பதுதானே கழிப்பார்கள்’ என்று எதிர்பார்த்துப் போனால், எஸ்டிமேட்டில் பிளாஸ்டிக் என்று எழுதி பாதியைக் கழித்திருப்பார்கள். பாகத்தின் உட்பக்கக் குறி ஏபிஎஸ் என்றால் அவர்கள் கணக்குதான் சரி.

ஒரு பேச்சுக்கு, 4,000 ரூபாய் பேனல்கள் போனால் தேய்மானத்துக்குப் பிறகு 2,000. அதிலும் இருசக்கர வண்டிக்கு 100 ரூபாய் கட்டாயக் கழிவு உண்டு. இதை வாங்கிக்கொண்டால் நோ கிளைம் போனஸ் பூஜ்யத்துக்குப் போய்விடும். அது கிளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதத்தில் தொடங்கி, ஐந்து வருடத்தில் 50 வரை ஏறும் தள்ளுபடி, வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் மட்டும். உங்கள் பாலிசியில் அந்த பிரீமியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’ வசதியைப் பாலிசியோடு எடுத்திருந்தால் கணக்கு மாறும், பிளாஸ்டிக்குக்கான பாதிக் கழிவு இருக்காது.

கிளைம் போடுவதாக இருந்தால் அசிட்டோன் குப்பியைத் திறக்க வேண்டாம். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பாகத்தை உடைந்த நிலையில் பார்க்க வேண்டும்; அதற்கு முன் ஒட்டிவிட்டால் அந்தப் பாகத்துக்குப் பணம் கேட்பது கடினம். விரிசல், திருகு இடம், வண்டி எண் மூன்றும் தெரியும்படி போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டு, பிறகு கழற்றுங்கள்.